ஐம்பத்தெட்டாம் பக்கம்

ஜெரூஷா மிஸ்ஸின் வகுப்பில் மூன்று சட்டங்கள். இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தத்தை இங்கிலீஷிலேயே எழுத வேண்டும், தமிழ் கூடாது. அதற்குக் கீழே சொந்தமாக ஒரு வாக்கியம் எழுத வேண்டும், அதில் நமக்குத் தெரிந்த ஒருவரின் பெயர் வர வேண்டும். அந்த வாக்கியம் உண்மையாகவும் இருக்க வேண்டும். முதல் இரண்டு சட்டங்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. மூன்றாவதுதான் எனக்கு வேட்டு வைத்தது.

தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில், சனி ஞாயிறு மாலைகளில் வகுப்பு. மிஸ்ஸுக்கு இருபத்தாறு வயது, எனக்கு நாற்பத்தொன்று. அவர் என்னை ஜஹீரா அக்கா என்பார், நான் அவரை மிஸ் என்பேன். டிக்ஷனரியில் இருக்கும் உதாரண வாக்கியத்தைக் காப்பியடித்தால் இரண்டே நொடியில் கண்டுபிடித்துவிடுவார். அதில் வரும் ஜானும் மேரியும் உங்கள் வீட்டுக்கு எப்போதாவது வந்திருக்கிறார்களா, முன்பின் தெரியாதவர்களை வைத்து எழுதினால் வார்த்தை எப்படி மனதில் நிற்கும் என்று கேட்பார். அவர் சொன்னது சரிதான். என் நோட்டில் எழுதிய ஒரு வார்த்தையைக்கூட நான் இதுவரை மறக்கவில்லை.

எங்களோடு தோத்தாத்ரி சார் படித்தார். பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகனோடு இருக்க அமெரிக்கா போகப்போகிறார். அவருடைய வாக்கியம் எல்லாவற்றிலும் மருமகள்தான். கிளம்புகிற சமயத்தில் அந்த நோட்டை என்ன செய்வது என்று மிஸ்ஸிடம் தனியாகக் கேட்டார். நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். சிரித்த வாய்க்கு என் கதி தெரியவில்லை.

எனக்குத் தெரிந்த ஆள் என்று யார் இருக்கிறார்கள்? நாகல்கேணியில் ஒரு தோல் பை கம்பெனியில் செக்கிங் வேலை. காலையிலிருந்து மாலைவரை பைகளின் தையலைப் பார்க்கிறேன், பைகளுக்கு வாய் கிடையாது. மகள் இரம் திருச்சியில் ஹாஸ்டலில் இருக்கிறாள். வீட்டில் மிச்சம் இருப்பவர் ஒருத்தர்தான். ஆகவே முதல் பக்கத்திலிருந்து என் நோட்டில் ஹிதாயத்துல்லாதான். என் வீட்டுக்காரர். பல்லாவரத்தில் பெல்ட், பர்ஸ் கடை வைத்திருக்கிறார்.

நான் இங்கிலீஷ் படிக்கப் போனதற்கும் அவர்தான் காரணம். இரமைக் கல்லூரியில் சேர்க்கப் போனபோது அங்கே ஒரு மேடம் என்னைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ கேட்டார். நான் யோசிப்பதற்குள் இவர் முன்னால் வந்து, "அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது மேடம், என்கிட்ட சொல்லுங்க" என்றார். இவருக்கு மட்டும் என்ன தெரிந்தது? எட்டாவது வரைக்கும் தமிழ் மீடியத்தில் படித்தவர். பஸ் போர்டு படிப்பார், பில்லில் கடை பெயரைப் படிப்பார், தன் பெயரை எழுதுவார், அவ்வளவுதான். அந்த மேடம் கடைசியில் தமிழில்தான் சொன்னார். உங்கள் மகள் அசைவம் சாப்பிடுவாளா என்பதுதான் கேள்வி. பெற்று வளர்த்த எனக்கு அது தெரியாதாம்.

டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டாலும் இவர் பதில் சொல்வார். டெய்லர் என் பிளவுஸுக்கு அளவு கேட்டாலும் இவர் பதில் சொல்வார். அந்த எரிச்சலில்தான் வகுப்பில் சேர்ந்தேன். இந்த வயதில் எதற்கு என்று ஒரு தடவை கேட்டார், அப்புறம் ஸ்டேஷனுக்கு வண்டியில் கொண்டுவந்து விடவும் ஆரம்பித்தார். அதுதான் அவர் குணம். முதலில் முணுமுணுப்பார், அப்புறம் செய்வார்.

என் கோபத்தையெல்லாம் நோட்டில் கொட்டினேன். 'இன்டரப்ட்' என்றால் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து பேசுவது. கீழே, நான் பேசும்போது ஹிதாயத்துல்லா தினமும் இன்டரப்ட் செய்கிறார் என்று எழுதினேன். 'அன்னாய்' என்றால் எரிச்சலூட்டுவது. ஹிதாயத்துல்லா கட்டில்மேல் போடும் ஈரத் துண்டு என்னை அன்னாய் செய்கிறது. நல்லதும் எழுதியிருக்கிறேன், இல்லை என்று சொல்லக் கூடாது. 'ரிலையபிள்' என்ற வார்த்தைக்கு, நேரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஹிதாயத்துல்லாவை நம்பலாம் என்று எழுதினேன்.

எழுதி முடித்து நோட்டை ஃபிரிட்ஜ்மேல் வைத்துவிடுவேன், அவருடைய வண்டிச் சாவிக்குப் பக்கத்திலேயே. ஒளித்து வைக்கத் தோன்றவே இல்லை. இங்கிலீஷில் இருக்கிறதே, அதைவிடப் பெரிய பூட்டு எதற்கு என்று நினைத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷம் கூடக் குடும்பம் நடத்தியும் அந்த மனுஷனைப் பற்றி நான் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

ஐம்பத்தெட்டாம் பக்கம் ஒரு திங்கட்கிழமை எழுதியது. முந்தின நாள் ஆம்பூரில் என் அக்கா மகளுக்கு நிக்காஹ். விடிகாலையில் கிளம்பலாம் என்று நான் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இவர் மொத்தமாக வாங்குகிற ஒரு பார்ட்டி வருவதாகச் சொல்லி, போன உடனே வந்துவிடுகிறேன் என்று கடையைத் திறக்கப் போனார். நாங்கள் ஆம்பூர் போய்ச் சேர்ந்தபோது நிக்காஹ் முடிந்து, முதல் பந்தியும் எழுந்திருந்தது. நான் தூக்கி வளர்த்த பிள்ளை அவள். அக்கா என்னைப் பார்த்து, சாப்பிடு என்று மட்டும் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் மிஸ் கொடுத்த வார்த்தைகளில் 'ரிக்ரெட்' இருந்தது. செய்துவிட்ட ஒன்றை நினைத்து, செய்யாமல் இருந்திருக்கலாமே என்று வருந்துவது. அதை எழுதி, கீழே ஒரே மூச்சில் என் வாக்கியத்தையும் எழுதினேன். ஹிதாயத்துல்லாவைக் கல்யாணம் செய்துகொண்டதற்காக நான் வருந்துகிறேன். பேனாவை அதே பக்கத்தில் வைத்து மூடிவிட்டுப் படுக்கப் போனேன். சனிக்கிழமை மிஸ் அந்த வாக்கியத்துக்குச் சிவப்பில் ஒரு டிக் போட்டு, பக்கத்தில் 'வெரி குட்' என்றும் எழுதினார்.

கோபம் ஒரு வாரத்தில் தணிந்துவிட்டது. வாக்கியம் அங்கேயே இருந்தது.

இரண்டு வாரம் கழித்துத் துணி துவைக்கும்போது அவருடைய சட்டைப் பையில் ஒரு சீட்டு இருந்தது. கடை பில்லின் பின்பக்கம். அவருடைய கோணல் எழுத்தில், தமிழில், அன்னாய் என்று எழுதி, பக்கத்தில் எரிச்சல் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே டவல். அதற்குப் பக்கத்தில் துண்டு என்று எழுதி ஒரு கோடு. துணியைச் சோப்பு நுரையிலேயே போட்டுவிட்டு எழுந்தேன்.

ஓடிப்போய் நோட்டை எடுத்து வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தேன். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வார்த்தைக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். பதினாலாம் பக்கத்தோடு புள்ளிகள் நின்றிருந்தன. பரணில் கிடந்த இரமின் ஸ்கூல் டிக்ஷனரியைத் தேடினேன். காணோம்.

விடிகாலை ஃபஜ்ர் தொழுகை முடிந்து அவர் வந்ததும் நான் கீழே போய் மோட்டார் போட்டு, பால் பாக்கெட் எடுத்துக்கொண்டு மாடியேறி வர இருபது நிமிஷம் ஆகும். மறுநாள் ஐந்தே நிமிஷத்தில் சத்தம் போடாமல் ஏறி வந்து கதவிடுக்கில் பார்த்தேன். மனுஷன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி. ஒரு பக்கம் நோட்டு, ஒரு பக்கம் டிக்ஷனரி. ஒரு வார்த்தைமேல் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டிருந்தார். மிஸ் அர்த்தத்தையும் இங்கிலீஷில் எழுதச் சொல்லியிருந்தாரே, அதனால் ஒரு வார்த்தை புரிய இவர் ஐந்து வார்த்தையைத் தேட வேண்டியிருந்தது. நான் திரும்பிப் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்புறம் ஐம்பத்தெட்டாம் பக்கம் ஞாபகம் வந்தது.

கிழிக்கலாமா என்று பார்த்தேன். சர்டிஃபிகேட் கொடுப்பதற்கு முன்னால் மிஸ் நோட்டை வாங்கிப் பார்ப்பார், பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டு வைத்திருக்கிறார். அதுவும் நடுவில் தைத்த நோட்டு, ஒரு தாளைக் கிழித்தால் தையலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தாளும் கையோடு வந்துவிடும். வெள்ளை மை பூசலாம் என்றால், சிவப்பு டிக்கையும் வெரி குட்டையும் என்ன செய்வது? ஒன்றும் இல்லாத இடத்துக்கு யாராவது வெரி குட் போடுவார்களா?

நோட்டை ஒளித்துப் பார்த்தேன். ஒரு நாள் கைப்பைக்குள் போட்டு வேலைக்குக் கொண்டுபோனேன். மறுநாள் காலையில் அதைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டுக் கீழே போனேன். திரும்பி வந்து பார்த்தபோது அவர் ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மேலே பார்த்தார், பின்பக்கம் எட்டிப் பார்த்தார், சாவியைத் தேடுவது போலக் கீழே குனிந்தும் பார்த்தார். முகம் விழுந்துபோய்க் கடைக்குப் போனார். எனக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே நோட்டைப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன்.

இதற்கு நடுவில் வீட்டில் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டு வந்தது. ஈரத் துண்டு கொடிக்குப் போனது. ஃபோனில் ஊருக்கே கேட்கிற மாதிரிப் பேசுகிறவர் பால்கனிக்குப் போய்ப் பேச ஆரம்பித்தார். எனக்குக் காய்ச்சல் வந்து டாக்டரிடம் போனோம். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று டாக்டர் என்னைக் கேட்டார். இவர் வாயைத் திறந்தார், மூடினார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பள்ளிக்கூடப் பையன் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டார். மூன்று நாளாக என்று நானே சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்குக் காய்ச்சல் பாதி விட்டுப்போன மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் நான் ஒரு பழைய மேஜையைப் பேரம் பேசி வாங்கினேன். அரை மணி நேரம் ஆனது. இவர் பத்தடி தள்ளி நின்று செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வரவே இல்லை. பேரத்துக்கு நடுவில் அவர் மூக்கை நுழைப்பதைப் பற்றி நான் எழுதிய முப்பத்தொன்றாம் பக்கம் அது என்று எனக்குத் தெரியும்.

எல்லாம் நல்லதற்குத்தான். ஆனால் ஒவ்வொரு நல்லதும் என்னைக் கொன்றது. இவ்வளவு செய்கிற மனுஷன் கடைசியில் போய் எதைப் படிக்கப்போகிறார்? அவர் வருத்தப்பட்டால் சத்தம் போட மாட்டார். சாப்பிடாமல் இருப்பார், பேசாமல் இருப்பார், உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொள்வார். அதை நான் பார்த்திருக்கிறேன். அவர் அம்மா இறந்தபோது மூன்று மாதம் அப்படித்தான் இருந்தார். ஒரு வாக்கியத்தால் அவரை நான் மறுபடி அங்கே தள்ளிவிடப் போகிறேனே என்று பயந்து பயந்து செத்தேன்.

நாற்பதாம் பக்கம் தாண்டியது. ஐம்பது தாண்டியது. நான் வேலையில் ஒரு பையின் கிழிந்த கைப்பிடியைக்கூடப் பார்க்காமல் பாஸ் செய்து சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஜெரூஷா மிஸ்ஸைப் பிடித்துக்கொண்டேன். விஷயத்தைச் சொல்லி, அந்தப் பக்கத்தை எடுத்துவிட அனுமதி கேட்டேன். மிஸ் சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "எழுதினப்போ உண்மையா அக்கா?" என்று கேட்டார்.

"அன்னிக்கு உண்மைதான் மிஸ்."

"இன்னிக்கு?"

நான் அந்தச் சிவப்பு டிக்கை விரலால் தேய்த்தேன். பக்கத்தைக் கிழிக்க வேண்டுமானால் தாராளமாகக் கிழித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதற்கு முன்னால் அவரிடம் நீங்களே பேசிவிடுவது நல்லது என்று சொல்லி மிஸ் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். ரயிலில் சானடோரியம், குரோம்பேட்டை என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போகப் போக நான் பேச வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அன்று காலையில் புள்ளி ஐம்பத்தேழில் நின்றிருந்தது. இன்றைக்கு விட்டால் நாளைக்கு இல்லை.

பல்லாவரம் ஸ்டேஷனில் வண்டியோடு நின்றிருந்தார். வீட்டுக்கு வந்து டீ போட்டுக் கொடுத்தேன். அவருக்கு எதிரில் உட்கார்ந்து, என் நோட்டை நீங்கள் படிக்கிறீர்கள்தானே என்று கேட்டேன். அவர் முகம் சிவந்துபோனது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இரமிடம் மட்டும் சொல்லிவிடாதே, அவள் ஓட்டித் தள்ளிவிடுவாள் என்றார்.

"சொல்லல. ஆனா ஒரே ஒரு பக்கத்தை மட்டும் நீங்க படிக்க வேணாம்."

"அம்பத்தெட்டா?"

நான் அவரையே பார்த்தேன். அந்த நம்பரை நான் வாய்விட்டுச் சொல்லவே இல்லை.

"அதைத்தான், ஜஹீரா, முதல்ல படிச்சேன்" என்றார்.

நான் எழுதிய மறுநாள், செவ்வாய்க்கிழமை காலையில் சாவியை எடுக்கும்போது நோட்டு கீழே விழுந்திருக்கிறது. உள்ளே பேனா இருந்ததால் அந்தப் பக்கத்திலேயே திறந்துகொண்டது. குனிந்து எடுத்தவர் கண்ணில் தன் பெயர் பட்டிருக்கிறது. தன்னைப் பற்றி மனைவி இங்கிலீஷில் என்னவோ எழுதியிருக்கிறாளே என்று சந்தோஷமாகத்தான் பார்த்தாராம். மற்ற வார்த்தைகள் பிடிபட்டன, ஒன்று மட்டும் பிடிபடவில்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்க வெட்கப்பட்டு, பரணில் ஏறி இரமின் டிக்ஷனரியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறார். ஷட்டரைப் பாதி தூக்கி, உள்ளே உட்கார்ந்து தேடிப் பார்த்திருக்கிறார். அன்றைக்கு மத்தியானம் வரை ஷட்டரை முழுதாகத் திறக்கவில்லை என்றார். டீயைப் பார்த்துக்கொண்டேதான் இதையெல்லாம் சொன்னார்.

"என்னைக் கேட்டிருக்கலாமே" என்றேன்.

"கேட்டா இல்லன்னுதான் சொல்லுவ. என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லுவ. அதுக்கு முன்னாடி அம்பத்தேழு பக்கம் எழுதி வெச்சிருந்தியே, காரணம் அதுலதான் இருக்கும்னு ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சேன்."

"இருந்துச்சா?"

"பக்கத்துக்கு ரெண்டு இருந்துச்சு."

நான் சிரித்துவிட்டேன். சிரிக்கிற நேரமா அது? அவரும் லேசாகச் சிரித்தார், அப்புறம் நிறுத்திக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"தெனம் காலைல நோட்டைத் தெறந்ததும், நீ புதுசா எழுதின பக்கத்தைத்தான் முதல்ல பாப்பேன்" என்றார். "அந்த வார்த்தையை மறுபடியும் எழுதியிருக்கியான்னு. இருக்காது. சரி, இன்னிக்கு ஒரு நாள் தப்பிச்சோம்னு அப்புறம்தான் என் பாடத்தை எடுப்பேன்."

நாற்பது நாளாக இந்த மனுஷன் என்ன சொல்வாரோ என்று நான் பயந்துகொண்டு மாடிப்படி ஏறி இறங்கியிருக்கிறேன். அதே நாற்பது நாளும் நான் என்ன எழுதுவேனோ என்று பயந்துகொண்டு அவர் மேலே உட்கார்ந்திருந்திருக்கிறார். நடுவில் ஒரு மாடிப்படி. யாராவது ஒருத்தர் வாயைத் திறந்திருந்தால் போதுமே.

"இப்பவும் அப்படித்தானா?" என்று கேட்டார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

இல்லவே இல்லை என்று சட்டென்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் நம்ப மாட்டார், அவரே சொல்லிவிட்டாரே. நான் நிஜமாகவே எனக்குள் தேடிப் பார்த்தேன். ஆம்பூர் மண்டபம் அப்படியே இருந்தது. எழுந்துபோன பந்தி, அக்காவின் முகம், இறங்காத சோறு, எல்லாம் இருந்தது. அந்த வார்த்தைக்கு நானே எழுதிய அர்த்தத்தையும் நினைத்துப் பார்த்தேன். செய்யாமல் இருந்திருக்கலாமே என்று வருந்துவது. இவரைக் கட்டாமல் இருந்திருக்கலாமா? எத்தனை முறை கேட்டுப் பார்த்தாலும் அந்தக் கேள்விக்கு உள்ளேயிருந்து ஆமாம் என்று வரவில்லை.

"ஆம்பூருக்கு லேட்டா கூட்டிட்டுப் போனீங்களே, அந்தக் கோவம் இன்னும் இருக்கு" என்றேன். "உங்களைக் கட்டிக்கிட்டதுல வருத்தம் இல்ல."

அவர் நிமிர்ந்து என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் சொல்வது உண்மையா என்று பார்க்கிறார் என்று புரிந்தது. பார்த்துக்கொள்ளட்டும் என்று நானும் கண்ணை எடுக்காமல் இருந்தேன். பிறகு பெரிதாக ஒரு மூச்சு விட்டார், தோள் இரண்டும் கீழே இறங்கின.

"கோவம் இருக்கட்டும்" என்றார். "அது இருந்துட்டுப் போகட்டும்."

எனக்கு அழுகை வந்தது, வந்த அழுகை நிம்மதியாக இருந்தது. இரண்டு டம்ளரிலும் டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. நான் சுட வைத்துக்கொண்டு வருகிறேன் என்று எழுந்தேன். வேண்டாம், உட்கார் என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, ஆறின டீயையே எடுத்துக் குடித்தார்.